தேடும் கண்: திரையில் அச்சம் பிறக்கும் இடம்



தமிழ்த்துறை நடத்தும் சொற்பொழிவில் போய்ப் பேய்ப்படத்தைப் பற்றிப் பேசப் போகிறாயா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தொல்காப்பியரிடமே அனுமதி வாங்கியாயிற்று என்றேன். மெய்ப்பாட்டியலில் அவர் எண்ணிச் சொன்ன எட்டில் அச்சமும் ஒன்று. நகை, அழுகை, பெருமிதம், உவகை எல்லாம் உட்கார்ந்திருக்கும் அதே வரிசையில்தான் அதற்கும் இடம் கொடுத்திருக்கிறார். நம் திரைப்பட விமர்சனம்தான் அந்த இடத்தைக் கொடுக்கவில்லை. ‘பயங்கரமா இருந்துச்சு’, ‘பயமே வரல’ என்ற இரண்டு வாக்கியங்களில் ஒரு பேய்ப்படத்தின் கணக்கை முடித்துவிடுகிறோம். ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. இன்று அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

தொடங்கும் முன் இரண்டு செய்திகள். நான் உளவியல் படித்தவன் அல்லன். இங்கே பேசப்போவது நெடுநாளாக இந்தப் படங்களைப் பார்த்து வரும் ஒரு ரசிகனின் சொந்தக் கருத்து. மறுக்க விரும்புவோர் தாராளமாக மறுக்கலாம். இரண்டாவது, சில படங்களின் முடிச்சை அவிழ்க்காமல் இந்தப் பேச்சைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘காட்டாமல் மறைத்தால் பயம் வரும்’ என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. மறைத்தும் பயமுறுத்தாத படங்கள் உண்டு. எல்லாவற்றையும் காட்டியும் பயமுறுத்துகிற படங்கள் உண்டு. ஒரு படம் தன் பார்வையாளனை எவ்வளவு தேட வைக்கிறது என்பதில்தான் அதன் அச்சம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

திடுக்கிடலும் பதைப்பும் அச்சமும்

திரையரங்கில் நாம் ‘பயம்’ என்று ஒரே பேர் வைத்துச் சொல்வதற்குள் மூன்று தனித்தனி அனுபவங்கள் இருக்கின்றன.

முதலாவது திடுக்கிடல். அமைதியான காட்சி, சட்டென்று ஒரு முகம் திரையை நிறைக்கிறது, கூடவே காதைப் பிளக்கும் ஓசை. உடம்பு துள்ளுகிறது. இதற்குக் கதை வேண்டாம், பாத்திரம் வேண்டாம். முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டைக் கீழே போட்டாலும் இதே துள்ளல் வரும். வந்த வேகத்திலேயே போய்விடும். அடுத்த நொடி அரங்கமே சிரிக்கும்.

இந்த உத்திக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1942இல் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ வெளியிட்ட ‘கேட் பீப்பிள்’ படத்தின் தயாரிப்பாளர் வால் லூட்டன். இயக்கியவர் ழாக் தூர்னர். ஸ்டுடியோ லூட்டனுக்கு ஒன்றரை லட்சம் டாலருக்குள் படத்தை முடிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. படத்தின் பேரைக்கூட ஸ்டுடியோவே கொடுத்தது. காசில்லாதவர் நிழலையும் ஓசையையும் நம்பினார். அதில் ஒரு காட்சி. இரவில் பூங்காவை ஒட்டிய சாலையில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தியின் செருப்புச் சத்தம். ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. நடப்பவள் திரும்பிப் பார்க்கிறாள், யாரும் இல்லை. வேகமாக நடக்கிறாள், ஓடுகிறாள். புதர்கள் அசைகின்றன. அப்போது சீறிக்கொண்டு எதுவோ சட்டகத்துக்குள் பாய்கிறது. அது ஒரு பேருந்து. சீறியது அதன் பிரேக். அன்று முதல் இப்படிப்பட்ட வெட்டுக்குத் தொழிலில் ‘பஸ்’ என்றே பேர் விழுந்துவிட்டது.

அந்தக் காட்சியை மறுபடி பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. அங்கே பயம் பேருந்தில் இல்லை. செருப்புச் சத்தம் நின்ற அந்த நொடியில் தொடங்கி, பேருந்து வரும்வரை நம் கண் ஒவ்வொரு புதராகத் தடவிக்கொண்டு போகிறதே, அங்கே இருக்கிறது. பேருந்து வந்தபோது பயம் முடிந்துவிடுகிறது. ஒரு பெருமூச்சு விடுகிறோம். பின்னால் வந்த ஏராளமான படங்கள் அந்தப் பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டன. அதற்கு முந்தைய நடையை விட்டுவிட்டன.

இரண்டாவது பதைப்பு. இயக்குநர் ஹிட்ச்காக் இதற்குச் சொன்ன உதாரணம் பலருக்கும் தெரிந்தது: மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது, பார்ப்பவர்களுக்குத் தெரியும். நம் அரங்குகளில் ‘டேய், பின்னால பாருடா’ என்று திரையைப் பார்த்துக் குரல் கொடுப்போம் அல்லவா, அது பதைப்பு. நமக்கு எல்லாம் தெரியும். பாவம், அவனுக்குத்தான் தெரியாது. கவலை அவனுக்காக.

மூன்றாவது அச்சம். இங்கே நமக்குத் தெரிந்தது அரைகுறை. ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரியும். எங்கே என்று தெரியாது. எங்கே என்று தெரிந்தால், என்ன என்று தெரியாது. திடுக்கிடலில் ஒன்றுமே தெரியாததால் தேட வழியில்லை. பதைப்பில் எல்லாம் தெரிந்துவிட்டதால் தேடத் தேவையில்லை. நடுவில் இருக்கிற இந்த அரைகுறை அறிவில்தான் கண் ஓயாமல் வேலை செய்கிறது. கவலையும் இப்போது பாத்திரத்துக்காக மட்டும் இல்லை.

சட்டகத்துக்குள் ஒரு வேட்டை

ஜாக் கிளேட்டன் இயக்கிய ‘தி இன்னசென்ட்ஸ்’ (1961) படத்தை எடுத்துக்கொள்வோம். ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய குறுநாவல்தான் மூலம். ஒரு பண்ணை மாளிகையில் இரண்டு குழந்தைகளைக் கவனித்துக்கொள்ள வரும் ஆசிரியையாக டெபோரா கெர் நடித்தார். பட்டப்பகல். ஏரிக்கரை. சிறுமி பாடிக்கொண்டிருக்கிறாள். ஏரிக்கு அப்பால், கோரைகளுக்கு நடுவில், கறுப்பு உடையில் ஒரு பெண் நின்றுகொண்டிருக்கிறாள். அவள் எதுவும் செய்யவில்லை. கேமரா அவளை நோக்கி ஓடவில்லை. எட்டத்தில், முகம் தெளிவாகத் தெரியாத அளவில், அசையாமல் நிற்கிறாள். பேய்ப்படங்களில் நான் கண்ட மிக அச்சமூட்டும் உருவங்களில் அது ஒன்று. அவள் எட்டத்தில் இருப்பதாலேயே கண்ணைக் கூர்மையாக்கிப் பார்க்கிறோம். எவ்வளவு கூர்மையாக்கினாலும் போதவில்லை.

அந்தப் படத்தை அகலத்திரையில் எடுக்க வேண்டும் என்பது ஸ்டுடியோவின் நிபந்தனை. கிளேட்டனுக்கு அதில் விருப்பமில்லை. ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃப்ரான்சிஸ் ஒரு வழி கண்டார். வடிகட்டிக் கண்ணாடிகளின் ஓரங்களில் வண்ணம் பூசி, சட்டகத்தின் இரு பக்கங்களையும் இருட்டில் ஆழ்த்தினார். நடுவில் ஆசிரியை மெழுகுவத்தியோடு போகிறாள். நம் கண் நடுவில் நிற்காமல் இரண்டு ஓரங்களுக்கும் ஓடி ஓடித் திரும்புகிறது. அங்கே பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள முடியவில்லை என்பதே படத்தின் பலம்.

ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) இதையே வேறு விதமாகச் செய்கிறது. சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம். அதன் முற்பகுதி வெயிலில் நடக்கிறது: மரங்கள் அடர்ந்த குடியிருப்புத் தெரு, வேலிச் செடிகள், துணி காயும் கொடி. வெள்ளை முகமூடி அணிந்த ஒருவன் அந்தக் கொடிக்கருகே நிற்கிறான். மறுபடி பார்த்தால் இல்லை. இப்படி இரண்டு மூன்று முறை நடந்தபின் படம் நம்மைப் பழக்கிவிடுகிறது. இனி ஒவ்வொரு காட்சியிலும் பாத்திரங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே பின்னணியைத் துழாவத் தொடங்குகிறோம். கடைசிப் பகுதியில் கதாநாயகி அழுதுகொண்டே ஓர் இருட்டு வாசலை ஒட்டி நிற்கிறாள். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி அந்த இருட்டுக்குள் மெல்ல மெல்ல வெளிச்சத்தை ஏற்றுகிறார். வெள்ளை முகமூடி ஒரு கறைபோல் துலங்கி வருகிறது. ஓசையில்லை, வெட்டு இல்லை. அரங்கில் ஒருவர் முன்னதாகவும் இன்னொருவர் சற்றுப் பிந்தியும் அதைக் கண்டுபிடிப்பார்கள். அவரவர் பயத்தை அவரவரே கண்டெடுக்கிறார்கள்.

ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் எடுத்த ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ (2007) இந்த வேலையை அப்பட்டமாக நம்மிடம் ஒப்படைத்துவிடுகிறது. முக்காலியில் நிறுத்திய கேமரா. தூங்கும் தம்பதி. திறந்திருக்கும் கதவு. மூலையில் ஓடும் நேரக் கணக்கு. வேறொன்றும் இல்லை. கதவு ஓர் அங்குலம் அசைந்தால் அதை நாம்தான் கவனிக்க வேண்டும். சுட்டிக்காட்ட யாரும் இல்லை. படத்தில் பலவீனங்கள் நிறைய. ஆனால் அந்தப் படுக்கையறைக் காட்சிகளின்போது அரங்கில் நிலவும் மௌனத்தை எந்தப் பெரிய படமும் எளிதில் வாங்கிவிட முடியாது.

இன்னொரு நுட்பம்: தேட வேண்டுமானால் இடம் பழக்கப்பட்டிருக்க வேண்டும். படிக்கட்டு எங்கே, பின்கதவு எங்கே, கிணறு எந்தப் பக்கம் என்று தெரியாத வீட்டில் எதையும் தேட முடியாது. ஸ்டான்லி குப்ரிக் ‘தி ஷைனிங்’ (1980) படத்தில் ஒரு சிறுவனை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, அந்தப் பிரம்மாண்டமான ஹோட்டலின் தாழ்வாரங்களில் நம்மைக் கூட்டிச் செல்கிறார். நம் பேய்ப்படங்களில் வரும் பங்களாக்களுக்கு வாசல் உண்டு, மாடிப்படி உண்டு. சமையலறை எந்தத் திசையில் இருக்கிறது என்று படம் முடிந்த பிறகும் நமக்குத் தெரியாது.

காதும் தேடும்

கண்ணை மூடிக்கொண்டால் பயம் குறையும் என்று நினைப்பவர்கள் ஒரு முறை ராபர்ட் வைஸ் இயக்கிய ‘தி ஹான்ட்டிங்’ (1963) பார்க்க வேண்டும். வைஸ் இயக்கத்தைத் தொடங்கியது முன்பு சொன்ன வால் லூட்டனிடம்தான். படம் முழுவதிலும் பேய் உருவம் ஒன்றுகூட வராது. இரண்டு பெண்கள் ஓர் அறையில் இருக்கிறார்கள். தாழ்வாரத்தில் யாரோ சுவரை இடித்துக்கொண்டு வருவதுபோல் ஓசை. நெருங்குகிறது. கதவுக்கு வெளியே நிற்கிறது. ஓசை எங்கே இருக்கிறது என்று காது அளந்துகொண்டே இருக்கிறது. பிறகு ஓர் இரவு, பக்கத்தில் படுத்திருக்கும் தோழியின் கையைப் பற்றிக்கொண்டு ஒருத்தி நடுங்குகிறாள். விளக்கு எரிந்ததும் பார்த்தால் தோழி அறையின் மறுபக்கத்தில் இருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் பற்றியிருந்தது யாருடைய கை? படம் பதில் சொல்வதில்லை.

குப்ரிக்கின் மூன்று சக்கர வண்டியை இங்கே மறுபடி ஓட்டலாம். மரத்தரையில் கடகடவென்று சத்தம், கம்பளத்தில் ஏறியதும் அமைதி, மறுபடி மரத்தரை. இந்தத் தாளம் பழகியதும் அமைதியான ஒவ்வொரு இடைவெளியிலும் காது எதையோ எதிர்பார்க்கத் தொடங்குகிறது. மிரட்டலான இசை எதுவும் இல்லாமலேயே ஓர் ஒலிப்பதிவு நம்மைக் கூர்மையாக்கிவிடுகிறது.

இசையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ‘ஹாலோவீன்’ படத்தை இசை சேர்க்கும் முன் பார்த்த ஸ்டுடியோ அதிகாரி ஒருவருக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை என்று கார்பென்டரே எழுதியிருக்கிறார். பிறகு அவரே உட்கார்ந்து ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் அந்தப் பியானோ மெட்டை அமைத்தார். நான்குக்குப் பழகிய காது அதில் நிலைகொள்ள முடியாமல் தவிக்கிறது. ‘சைக்கோ’ (1960) படத்தின் குளியலறைக் கொலைக்கு இசை வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் முடிவு செய்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் எழுதினார். நரம்புக் கருவிகளை மட்டும் வைத்து அமைத்த அந்த இசையைக் கேட்டதும் இயக்குநர் மனம் மாறினார். இந்த இரண்டு இசையும் நம்மைப் பதற வைக்கின்றனவே தவிர, ‘இதோ, இங்கே பார்’ என்று விரல் நீட்டுவதில்லை. விரல் நீட்டும் இசை நம் தேடலைப் பிடுங்கிக்கொள்கிறது. பேய் வரப்போகிறது என்று பத்து நொடி முன்பே அறிவிக்கும் பின்னணி இசை நமக்குப் பழகிப் போனது. அந்தப் பத்து நொடியில் நாம் காதைப் பொத்திக்கொள்கிறோம், வேறொன்றும் நடப்பதில்லை.

எல்லாம் காட்டியும் பயம்

‘காட்டாதே’ என்பதை வேதவாக்காகக் கொள்பவர்களுக்கு இரண்டு படங்களைக் காட்ட விரும்புகிறேன்.

ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’ (1975) படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா உப்புநீரில் அடிக்கடி பழுதாகிவிட்டது. சுறாவைக் காட்ட முடியாத நெருக்கடியில், அதன் உடலோடு பிணைத்த மஞ்சள் பீப்பாய்கள் நீரில் மிதந்து வருவதைக் காட்டினார்கள். மறைத்ததால் வென்ற படம் என்றே இதைச் சொல்வார்கள். ஆனால் வெறும் கடலைக் காட்டியிருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது. பீப்பாய் ஒரு தடயம். கீழே எங்கோ இருக்கிறது, இந்தப் பக்கம்தான் வருகிறது என்று நமக்கு அரைகுறையாகத் தகவல் சொல்கிறது. தடயமே இல்லாமல் மறைத்தால் தேடுவதற்கு எதுவும் இருக்காது. வெறும் இருட்டு அலுப்பைத்தான் தரும்.

எதிர்முனையில் கார்பென்டரின் ‘தி திங்’ (1982). அண்டார்க்டிகாவின் ஆய்வு நிலையம் ஒன்றில் சிக்கிய பன்னிரண்டு பேர். அவர்களில் யாருடைய உருவத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் உயிர். அந்த உயிர் உருமாறும் கோரத்தைப் படம் கொஞ்சமும் மறைக்கவில்லை, வெளிச்சத்திலேயே காட்டுகிறது. அப்படியும் பயம் தீரவில்லை. உயிரைப் பார்த்துவிட்டோம், அது இப்போது யாருக்குள் இருக்கிறது என்பது தெரியவில்லை. இரத்த மாதிரிகளில் சூடான கம்பியைத் தொட்டுச் சோதிக்கும் காட்சியில் நாம் ஒவ்வொரு முகமாகத் துருவிப் பார்க்கிறோம். தேட வேண்டிய இடம் இருட்டு மூலையிலிருந்து மனித முகத்துக்கு மாறிவிட்டது. தேடல் தொடரும் வரை எவ்வளவு வேண்டுமானாலும் காட்டலாம்.

தேடல் இல்லாமல் குருதியை மட்டும் காட்டும் படங்களும் உண்டு. அவை தரும் அருவருப்பைத் தொல்காப்பியர் இளிவரல் என்று தனியே எண்ணியிருக்கிறார், அச்சத்தோடு சேர்க்கவில்லை. இந்தப் பாகுபாடு இன்றைக்கும் சரியாகவே இருக்கிறது. அருவருத்தவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அஞ்சியவனால் திருப்ப முடிவதில்லை.

நான்காவது வாயில்

அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கும் தொல்காப்பியர் நான்கு இடங்களைச் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றையும் பேய்ப்படத்தில் எளிதாக அடையாளம் காணலாம். பேயும் தெய்வமும் அணங்கு, சுறா விலங்கு, முகமூடி அணிந்து கத்தியோடு வருபவன் கள்வர் வகை. நான்காவதுதான் வியப்பு. இறை என்றால் நம்மை ஆள்பவர், நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். குற்றம் செய்தவன் அரசன் முன் நிற்கும்போது வரும் நடுக்கம் அது. வெளியிலிருந்து பாய்ந்து வரும் ஆபத்துகளோடு, நம் தவற்றின் பேரில் வரும் பயத்தையும் அவர் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறார்.

மிகச் சிறந்த பேய்ப்படங்கள் தேடும் கண்ணைக் கடைசியில் இங்கேதான் கொண்டு வந்து நிறுத்துகின்றன. ‘சைக்கோ’வின் கதாநாயகி 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடுகிறவள். அவளோடு சேர்ந்து நாமும் காரின் கண்ணாடியில் போலீஸ்காரர் பின்தொடர்கிறாரா என்று பார்த்துக்கொண்டே வருகிறோம். அவள் கொலையானபின், விடுதிக்காரன் நார்மன் குளியலறையைக் கழுவி, காரைச் சதுப்பில் தள்ளுகிறான். கார் பாதி மூழ்கி ஒரு கணம் நின்றுவிடுகிறது. அந்தக் கணத்தில் ‘ஐயோ, மூழ்க வேண்டுமே’ என்று நம் மனம் தவிக்கிறது. யாருக்காகத் தவிக்கிறோம் என்று உணரும்போது வருகிற பயத்தைச் சதுப்பின் மேல் ஏற்ற முடியாது.

தமிழில் மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) இந்த நான்காவது வாயிலைத் தட்டிய படம். விபத்தில் அடிபட்ட ஒரு பெண் தன்னைத் தூக்கிய இளைஞனின் கையைப் பற்றியபடி இறக்கிறாள். அவன் வீட்டுக்கே வந்துவிடுகிறாள். தொல்லை கொடுப்பவள் என்று முதலில் தோன்றியவள் காவலாக இருப்பது பிறகு புரிகிறது. அவளைக் கொன்றவனைத் தேடிக் கிளம்புகிறான் அவன். தேடல் அவனிடமே வந்து முடிகிறது. பேயைப் பார்த்துப் பயந்த படம், தன்னைப் பார்த்துப் பயப்படும் படமாகத் திரும்புகிறது.

நம் பேய்களின் வழக்கு

நம் பேய்ப்படங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொது அமைப்பு இருக்கிறது. முதல் பாதியில் நகைச்சுவையும் திடுக்கிடலும் மாறி மாறி வரும். இடைவேளையில் பேய் யார் உடம்பிலோ ஏறும். இரண்டாம் பாதியில் முன்கதை: அந்தப் பேய் ஒரு காலத்தில் நல்ல மனிதர், நிலத்துக்காகவோ காமத்துக்காகவோ யாரோ கொன்றுவிட்டார்கள். பிறகு பழிவாங்கல். ராகவா லாரன்சின் ‘காஞ்சனா’ (2011) இந்த அமைப்பைப் பெரிய வெற்றியாக்கியது. அதில் சரத்குமார் ஏற்ற திருநங்கைப் பாத்திரத்தின் வலி உண்மையானது. அதற்கு மக்கள் அழுதார்கள், கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் பயம்? முன்கதை தொடங்கிய கணத்தில் அது விடைபெற்றுக்கொள்கிறது. பேய் யார், என்ன வேண்டும், யார்மேல் கோபம் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. நாம் பேயின் கட்சியில் சேர்ந்துவிட்டோம். இனி அது ஒரு வாதி; வில்லன் பிரதிவாதி; தீர்ப்பு என்னவென்று தெரிந்த வழக்கு. நியாயமாக நமக்கு வர வேண்டியது பெருமிதமும் வெகுளியும், அவைதான் வருகின்றன.

அநியாயமாக இறந்தவர் தெய்வமாவார் என்ற நம் நாட்டார் நம்பிக்கையில் இந்த அமைப்பு வேர்கொண்டிருக்கிறது. எனவே அதை மாற்றவே முடியாது என்று சொல்வோர் உண்டு. நான் ஏற்கவில்லை. பழையனூர் நீலி கதையை நினைத்துப் பாருங்கள். கணவன் கையால் மாண்டவள் பேயாகித் திரும்பி, மறுபிறவியில் வணிகனாக வந்தவனைத் துரத்துகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபைக்கு வந்து, இவர் என் கணவர், கோபித்துக்கொண்டு போகிறார் என்று அழுகிறாள். இவள் பேய் என்று அவன் கதறுகிறான். குழந்தை அவனை அப்பா என்று அழைக்கிறது. சபையிலிருந்த எழுபது பேரும் அவனைத்தான் நம்பவில்லை. உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறார்கள். மறுநாள் அவன் பிணமாகக் கிடக்க, அந்த வாக்குக்காக எழுபது பேரும் உயிர் விடுகிறார்கள்.

இங்கே பழிவாங்கல் இருக்கிறது, முன்பிறவி இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சபைக் காட்சி குலை நடுங்க வைக்கிறது. எல்லோருக்கும் முன்னால், பகலில், அழுகிற ஒரு பெண்ணின் முகத்தில் பேயைத் தேட வேண்டியிருக்கிறது. சபையினர் தேடித் தோற்றுப் போகிறார்கள். அணங்கும் இறையும் ஒரே காட்சியில் சந்திக்கின்றன. நம்மிடம் மரபு இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது. உரைநடையில் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ இருக்கிறது. வீட்டுக்குள் நள்ளிரவில் வீசும் சுடலை வாடையையும், வேலைக்கு வந்து சேர்ந்த பெண்ணையும் வைத்துக்கொண்டு, தீர்ப்புச் சொல்லாமலே கதையை முடித்தவர் அவர்.

திரையிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ (2009) பாழடைந்த பங்களாவைக் கைவிட்டு, அடுக்குமாடிக் குடியிருப்பின் பதின்மூன்றாம் தளத்தில் ஒரு கூட்டுக் குடும்பத்தைக் குடிவைத்தது. வீட்டுப் பெண்கள் தவறாமல் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் நடப்பதெல்லாம் அந்த வீட்டிலேயே நடக்கத் தொடங்குகிறது. தொடரின் அடுத்த காட்சியை நாயகனோடு சேர்ந்து நாமும் குடும்பத்தினரின் முகங்களில் தேடுகிறோம். அறிவழகனின் ‘ஈரம்’ (2009) தண்ணீரைத் தடயமாக்கியது. தரையில் ஓடும் ஒரு கோடு நீரைக்கூடக் கண் விடாமல் பின்தொடர்ந்தது. அதிலும் பிற்பாதியில் முன்கதை வந்து பாதிப் பயத்தைக் கொண்டுபோய்விட்டது. கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’ (2012) ஒரு கைவிளக்கையும் பூட்டிய வீட்டையும் மட்டும் நம்பி நெடுநேரம் நம்மைக் கட்டிப்போட்டது. அந்த வீட்டில் நடந்ததெல்லாம் நாயகன் கட்டிய கதை என்று பிறகு தெரிகிறது. கதை என்று தெரிந்த பிறகும், முன்பு பட்ட பயம் பொய்யாகிவிடவில்லை. இது என் வாதத்துக்குச் சாதகமான சான்று. பயம் பேயின் உண்மையைச் சார்ந்திருந்தால், பேய் பொய்யானதும் நாம் ஏமாந்ததாக உணர்ந்திருக்க வேண்டும்.

இடைவேளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அச்சத்தைக் கட்டியெழுப்ப நேரம் பிடிக்கும். சரியாக அது திரளும்போது விளக்கைப் போட்டுப் பாப்கார்ன் விற்பது நம் அரங்குகளின் வழக்கம். இந்த வழக்கம் மாறப்போவதில்லை என்றால், இரண்டு பாதிகளுக்கும் தனித்தனித் தேடலை அமைக்கத் தெரிந்த திரைக்கதை வேண்டும். இன்னொரு பக்கம் கைபேசி. உள்ளங்கையளவு திரையில் ஏரிக்கு அப்பால் நிற்கும் பெண் ஒரு புள்ளி. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் இருட்டில் துலங்கும் முகமூடியும் வெறும் துள்ளலாகிவிடும். இந்தப் படங்களைப் பெரிய திரையில், அவற்றின் வேகத்திலேயே பாருங்கள் என்று மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவர்களுக்கு

இந்த அவையில் குறும்படம் எடுப்பவர்கள் சிலர் இருப்பதாகத் துறைத்தலைவர் சொன்னார். அவர்களுக்கு ஒரு சோதனை முறையைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் படத்தின் ஒரு காட்சியை இசையில்லாமல் நான்கு பேருக்குப் போட்டுக்காட்டுங்கள். பயந்தீர்களா என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகப் பயந்தோம் என்பார்கள். எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேளுங்கள். நான்கு பேரும் நீங்கள் காட்டிய இடத்தையே பார்த்திருந்தால், அந்தக் காட்சியில் இன்னும் அச்சம் பிறக்கவில்லை. ஒருவர் கதவையும், இன்னொருவர் சன்னலையும், மற்றொருவர் அந்தப் பெண்ணின் கையையும் பார்த்திருந்தால், படம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

இதற்குப் பெரும்பணம் வேண்டாம் என்பதற்கு லூட்டனும் பெலியும் சாட்சி. வேண்டியது பார்வையாளன்மேல் மரியாதை. சிரிக்க வேண்டிய இடத்தைச் சொல்லிக் கொடுக்கும் நகைச்சுவை எப்படி அவனை மட்டமாக எண்ணுகிறதோ, பயப்பட வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டும் பேய்ப்படமும் அப்படியே எண்ணுகிறது. தேடு என்று சொல்கிற படம் அவன் கண்ணையும் அறிவையும் நம்புகிறது. தமிழ்ப் பார்வையாளருக்கு அந்தப் பொறுமை இல்லை என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள். நீலியின் கதையைக் கூத்திலும் வில்லுப்பாட்டிலும் விடிய விடியக் கேட்ட மக்களைப் பார்த்து அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. உங்களில் யாராவது அந்த ஊர்ச்சபைக் காட்சியை, முன்கதை சொல்லாமல், ஒரே ஒரு திண்ணையில், பகல் வெளிச்சத்தில் படமாக்குங்கள். முதல் காட்சிக்கு வந்து முன்வரிசையில் உட்காருகிறேன்.